இரும்புச் சட்டம் எழுப்பி, போர்டு அடித்துச் சிறிய வீடு கட்டினால் நிற்குமா?

கேள்வி: தோட்டத்தில் பெற்றோருக்காக ஓர் அறை அளவில் வீடு வேண்டும். செங்கல், கான்கிரீட் இல்லாமல் இரும்புச் சட்டம் போட்டு, சிமென்ட் போர்டு அடித்துச் சுவரும் சீலிங்கும் அமைக்கலாம் என்கிறார்கள். தாங்குமா? யாராவது கட்டியிருக்கிறீர்களா?

கட்டியிருக்கிறேன். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டத்தில், 12-க்கு 16 அடி. ஆறு வருடமாக அப்பா அதில்தான் இருக்கிறார். நிற்கும். ஆனால் எங்கள் வீடு இரண்டாவது ஆடியில் கூரையைப் பறிகொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஒழுங்காக நின்றது. உங்களுக்கு அந்த நடுக்கட்டம் வரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

நீங்கள் வெளியூரில் வேலையில் இருக்கிறீர்கள், அவர்கள் மாடு கன்றை விட்டு வர மாட்டேன் என்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதே நிலைமைதான். பழைய வில்லை ஓட்டு வீட்டின் பனை வாரைகளில் செல், அதாவது கரையான், ஏறிவிட்டது. கான்கிரீட் வீடு கட்டத்தான் முதலில் ஆசைப்பட்டேன். மணல் லாரி வர வழியில்லை. காரணம் எங்கள் இட்டேரி, தோட்டத்துக்கு வருகிற வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஜோடி மாட்டு வண்டி தாராளமாகப் போகும். நான் சின்னப் பையனாக இருந்தபோது நிலக்கடலை மூட்டை ஏற்றிய வண்டி எதிரே வந்தால்கூட ஒதுங்க இடம் இருந்தது. பக்கத்துத் தோட்டம் கைமாறியதும் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டார்கள். ஒவ்வொரு கல்லும் ஒரு முழம் உள்ளே வந்தது. கேட்டால், "சர்வேயரைக் கூட்டி வாங்க" என்றார்கள். கூட்டி வந்தோம். அளந்தார்கள், எழுதினார்கள், காகிதம் இன்னும் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. கிளுவை வேலி என்றால் ஓணானும் கவுதாரியும் குடியிருக்கிற இடம். ஆட்டுக்குத் தழை, பயிர் விளைகிற காட்டுக்குக் காற்றுத் தடுப்பு. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வழியையும் குறுக்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சரி, இது நீங்கள் கேட்டதல்ல. ஆனால் நான் சட்ட வீட்டுக்குப் போனதே இதனால்தான். இருபது அடி டியூப்பை இரண்டு பேர் தோளில் வைத்து நடந்தே கொண்டுவந்துவிடலாம்.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிமென்ட் போர்டு 8-க்கு 4 அடியில் வருகிறது. வீட்டின் நீளமும் அகலமும் நான்கின் மடங்காக இருந்தால் வெட்டு குறையும், வீணும் குறையும். 12-க்கு 16 என்று வைத்ததற்கு இன்னொரு வசதியும் உண்டு: மூலைக்கு மூலை அளந்தால் சரியாக 20 அடி வரவேண்டும். இரண்டு மூலைவிட்டமும் 20 வந்துவிட்டால் அடித்தளம் கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம். அரை இஞ்சு தப்பினாலும் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். அப்போது விட்டால் கடைசி போர்டு வரைக்கும் அந்தக் கோணல் கூடவே வரும்.

நிற்கிற சட்டங்களை நாங்கள் கால் என்றே சொன்னோம். இரண்டு அடிக்கு ஒரு கால். ஏன் இரண்டு அடி என்றால், நான்கு அடி போர்டின் இரண்டு ஓரமும் நடுவும் காலின் மேலேயே விழும். காலின் முகம் இரண்டு இஞ்சாவது இருக்கட்டும். பட்டறைக்காரர் ஒரு இஞ்சு டியூப் போதும் என்பார், எடை குறையும், உங்களுக்கும் காசு குறையும். ஆனால் இரண்டு போர்டு சேருகிற இடத்தில் ஆளுக்கு அரை இஞ்சுதான் கிடைக்கும். அந்த விளிம்பில் ஸ்க்ரூ இறங்கினால் போர்டு பொரிந்து பெயர்ந்துவிடும். போர்டுக்கும் போர்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதைச் சீலன்ட் வைத்து மூடவேண்டும். ஒட்டி வைத்தால் சித்திரை வெயிலில் விரிந்து விரிசல் விடும்.

கதவு, ஜன்னல் வருகிற இடத்தில் குறுக்கே நிற்கும் காலை வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் இரண்டு பக்கமும் இரட்டைக் கால் கொடுத்து, மேலே ஒரு குறுக்குச் சட்டம் போட்டு அதன் பாரத்தை மாற்றிவிடுங்கள். அதே மாதிரி அலமாரி, சாமி படம், சுவிட்ச் போர்டு எங்கே வருமோ அங்கேயெல்லாம் போர்டு அடிப்பதற்கு முன்பே குறுக்குச் சட்டம் வைக்க வேண்டும். நான் சாமி படத்தை மறந்துவிட்டேன். அப்பா ஆணி அடிக்கப் போனபோது போர்டு மட்டும் டொக் டொக் என்றது. பிடிப்பு கிடைக்கவே இல்லை. அப்புறம் ஒரு போர்டைக் கழற்றி உள்ளே சட்டம் வைத்து மறுபடி அடித்தோம்.

காலெல்லாம் எழுப்பி, அவற்றின் தலைகளைச் சேர்த்துப் பிடிக்கிற கட்டுச்சட்டத்தை மேலே வைத்த அன்று சாயங்காலம், வெல்டர் போன பிறகு, அப்பா மூலைக் காலில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினார். முழு சட்டமும் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வந்தது. ஒரு ஆள் ஒரு கையால்! நீள்சதுரம் எப்போதும் சாயத்தான் பார்க்கும். முக்கோணம் சாயாது. மறுநாள் நான்கு சுவரிலும் மூலைக்கு மூலை சாய்வுக் கம்பி வைத்த பிறகு, நானும் என் மச்சானும் சேர்ந்து தள்ளினோம், அசையவில்லை. போர்டு அடித்தால் அதுவே பிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு பிடிக்கும்தான். ஆனால் அந்தப் பாரத்தை ஸ்க்ரூவின் கழுத்தில் ஏற்றாதீர்கள்.

இப்போது கூரை. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பதை நான் ஒரு சொலவடையாகத்தான் கேட்டு வளர்ந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வைகாசிக் கடைசியில் ஆரம்பித்தால் ஆவணி வரை விடாது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகளை இதற்காகத்தானே நட்டிருக்கிறார்கள். இது தெரிந்தும், திண்ணைக்கு நிழல் வேண்டும் என்று மேற்குப் பக்கம் மூன்று அடி தாழ்வாரத்தை நீட்டச் சொன்னது நான். ஷீட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டமான பர்லினை, கூரைச் சாய்வில் இறங்குகிற கைச்சட்டத்தின் மேல் வைத்துப் பொட்டு வெல்டிங் மட்டும் போட்டுவிட்டுப் போனது வெல்டர். இரண்டும் சேர்ந்தன.

இரவு பதினோரு மணிக்கு அப்பாவிடமிருந்து போன். நல்லவேளை, கட்டுத்தறிக்கு மாடு பார்க்கப் போயிருந்தார். மேற்குப் பக்கத்துக் கலர் ஷீட் மூன்றும் பர்லினோடு எழும்பிப் போய், அடுத்த காட்டுச் சின்ன வெங்காயத்தில் விழுந்திருந்தன. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஷீட்டில் ஸ்க்ரூ ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை. ஷீட் பர்லினை விடவில்லை, பர்லின்தான் கைச்சட்டத்தை விட்டிருந்தது. வெல்டிங் விட்டுப் போன இடத்தை விரலால் தடவினேன். ஒவ்வொன்றும் ஒரு துவரம்பருப்பு அளவு, உடைந்த வாய் பளபளவென்று. அவ்வளவு பெரிய கூரை அந்தப் பருப்புகளின் மேல் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறது.

கூரை கீழே விழாமல் இருக்கவேண்டும் என்றுதான் நாம் யோசிக்கிறோம். மேலே போகாமல் இருக்கவேண்டும் என்று யோசிப்பதில்லை. அரை மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோதான். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநூல் ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி, கோவைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 39 மீட்டர் கொடுக்கிறது. அதிலுள்ள 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்ற கணக்கில் போட்டால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ அழுத்தம். உயரம், சாய்வு, திறப்பு என்று இன்னும் பல பெருக்கெண்கள் இதில் சேரும், அது பொறியாளர் வேலை. நான் பொறியாளர் இல்லை, பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். யாராவது பின்னூட்டத்தில் கணக்கு அரைகுறை என்று திருத்தினால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 4-க்கும் 93-க்கும் உள்ள தூரம் எந்தத் திருத்தத்திலும் மறையாது. தாழ்வாரத்தில் அடியிலிருந்து தள்ளுதலும் மேலிருந்து இழுப்பும் ஒன்றாகச் சேர்கின்றன. பழைய ஓட்டு வீடு இதே காற்றில் அத்தனை வருடம் நின்றது என்றால், ஓட்டின் பாரமும் ஓட்டுக்கு ஓடு இருந்த சந்தும்தான் காரணம்.

மறுபடி போட்டபோது செய்தது இது. தாழ்வாரத்தை ஒன்றரை அடியாக வெட்டினோம். ஒவ்வொரு பர்லினும் கைச்சட்டத்தைத் தொடுகிற இடத்தில் எல் ஆங்கிள் வைத்து முழு வெல்டிங், பிறகு இரண்டு போல்ட். கைச்சட்டம் கட்டுச்சட்டத்தோடும், கட்டுச்சட்டம் காலோடும் அதே மாதிரி. அடியில் முதலிலேயே அஸ்திவாரக் கான்கிரீட்டில் போல்ட் புதைத்துத் தகடு வைத்திருந்தோம். அது ஒன்றுதான் முதல் தடவையே சரியாகச் செய்தது. கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை இழுத்துப் பிடிக்கிற சங்கிலி ஒரு இடத்திலும் விடக்கூடாது. வெல்டிங் செய்த இடமெல்லாம் கசடு தட்டி, ரெட் ஆக்சைடு இரண்டு கோட்.

சீலிங்கை அலங்காரம் என்று கடைசிக்குத் தள்ளாதீர்கள். சாய்ந்து நிற்கும் கைச்சட்டங்கள் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும். சுவருக்குச் சுவர் போகிற 12 அடிச் சட்டம்தான் அவற்றின் அடியை இழுத்துக் கட்டுகிறது, பழைய வீட்டில் உத்தரம் செய்த வேலை. எங்களுக்கு நான்கு அடிக்கு ஒன்று அப்படிப் போகிறது. அவற்றுக்கு நடுவே இரண்டு அடிக்கு ஒரு குறுக்கு, அதில் 6 மில்லிமீட்டர் போர்டு. ஃபேன் கொக்கியைப் போர்டில் அல்ல, அந்த நீளச் சட்டத்தில் வெல்டிங் செய்யுங்கள். சீலிங்குக்கு மேலே அடைபடும் அனல் வெளியேற, வடக்குத் தெற்கு முக்கோணச் சுவர் இரண்டிலும் ஒரு அடிக்கு ஒரு அடி திறப்பு விட்டு எலி வலை அடித்தோம். முதல் மூன்று மாதம் சீலிங் இல்லாமல் அப்பா பகலில் வேப்பமரத்தடியில்தான் கிடந்தார். போட்ட பிறகு மத்தியானம் உள்ளே தூங்குகிறார்.

பால் காய்ச்சிய அன்று அத்தை, "ஏஞ்சாமி, அய்யனைத் தகரக் கொட்டாயிலயா படுக்க வெப்ப?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த வார்த்தை இன்னும் உள்ளே இருக்கிறது. கூரை பறந்தபோது அவர் சொன்னது சரியாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். போன தைப் பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் அங்கேயே தங்கினார். கிளம்பும்போது கட்டுச்சட்டத்தை அண்ணாந்து பார்த்தபடி, "எங்க தோட்டத்துச் சாளையையும் இப்பிடிப் போட்டுக் குடுப்பியா?" என்று கேட்டார்.

கான்கிரீட் வீட்டுக்கு நான் எதிரியில்லை. லாரி வரும், பணமும் இருக்கிறது என்றால் அதையே கட்டுங்கள். சட்ட வீடுதான் என்று முடிவானால், போர்டு மூடுவதற்கு முன் எல்லாச் சுவரையும் அளக்கிற டேப்பை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே சட்டம் எங்கே என்று பிறகு தெரியும். நான் வருடாவருடம் வைகாசி முதல் ஞாயிறு ஸ்பேனரோடு ஏறி ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிப் பார்க்கிறேன். உங்கள் தோட்டம் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பக்கம் என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், உங்களையும் மேலே ஏற்றிக் காட்டுகிறேன். வண்டியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரவேண்டும்.