முதல் சீசனிலேயே பிளேஆஃப்: வால்கிரீஸ் செய்தது ஏன் பெரிய விஷயம்?

கேள்வி: அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் 2025-ல் புதிதாக வந்த கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் பிளேஆஃப் போனதையே இப்படிக் கொண்டாடுகிறார்களே, ஏன்? ஐ.பி.எல்.லில் குஜராத் டைட்டன்ஸ் முதல் வருடமே கோப்பையையே தூக்கியதே?

குஜராத்தை இதோடு சேர்த்துப் பார்க்க முடியாது. 2022-ல் நடந்தது மெகா ஏலம். பழைய அணிகள் அதிகபட்சம் நான்கு பேரை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் விட்டுவிட வேண்டும். புது அணிகளோ ஏலத்துக்கு முன்பே மூன்று பேரை எடுத்துக்கொள்ளலாம். ஹர்திக், ரஷீத் கான், கில் மூவரும் அப்படித்தான் குஜராத்துக்கு வந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடிய பந்தயம் அது.

வால்கிரீஸுக்குக் கிடைத்தது மிச்சம் மீதி. லீக்கில் அப்போது இருந்த 12 அணிகளும் ஆளுக்கு ஆறு பேரைப் பாதுகாத்துக்கொண்டன. ஓர் அணியில் மொத்தமே பன்னிரண்டு பேர்தான் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஆறு பேர் போக மீதியிருப்பவர்களில், அணிக்கு ஒருவரை எடுக்கலாம். அதாவது ஒவ்வோர் அணியும் 'இவர் போனால் பரவாயில்லை' என்று நினைத்தவர்கள். 2024 டிசம்பரில் நடந்த அந்தத் தேர்வில் பொது மேலாளர் ஓஹேமா நியானின் 11 பேரை எடுத்தார். சியாட்டில் அணியிலிருந்து யாருமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

இப்படித் தொடங்கிய அணிகளுக்கு முன்பு என்ன நடந்தது? 2006-ல் வந்த சிகாகோ ஸ்கை 34 ஆட்டங்களில் 5 ஜெயித்தது. 2008-ல் அட்லாண்டா ட்ரீம் நான்கே நான்கு. அதன் பிறகு பதினேழு வருடம் லீக்கில் புது அணியே கிடையாது. வால்கிரீஸ் 23 வெற்றி, 21 தோல்வி. முதல் சீசனிலேயே பிளேஆஃப் போன முதல் புது அணி இதுதான். சத்தம் அதற்குத்தான்.

பணம் இல்லாமல் நடந்ததா என்றால், இல்லை. ஆண்கள் அணியான வாரியர்ஸின் முதலாளிகள்தான் இதற்கும் முதலாளிகள். லீக்கில் சேர 5 கோடி டாலர் கட்டினார்கள். தனிப் பயிற்சிக்கூடம், சான் பிரான்சிஸ்கோவில் வாரியர்ஸ் ஆடும் சேஸ் சென்டர் அரங்கம் எல்லாம் முதல் நாளிலிருந்தே தயார். 22 உள்ளூர் ஆட்டங்களுக்கும் டிக்கெட் முழுக்க விற்றது, ஒவ்வொன்றுக்கும் 18,064 பேர். நான் அந்தப் பக்கத்திலேயே ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறேன், மகளோடு சில ஆட்டங்களுக்குப் போயிருக்கிறேன். கடைசி வரிசை வரை ஊதா நிறச் சட்டைதான், காது அடைத்துவிடும். ஆனாலும் கூட்டத்தால்தான் ஜெயித்தார்கள் என்று எழுதுபவர்களை நான் ஏற்கமாட்டேன். கூட்டம் பந்தைத் தடுக்காதே!

தடுத்தது வெரோனிகா பர்ட்டன் மாதிரியானவர்கள். 2024 சீசன் தொடங்குவதற்கு முன் டல்லாஸ் அணி அவரைக் கழற்றிவிட்டது. கனெக்டிகட்டில் பெஞ்சில் இருந்து வந்து ஆடினார், ஆட்டத்துக்குச் சராசரி 3 பாயிண்ட். வால்கிரீஸில் கிட்டத்தட்ட 12. லீக்கில் அதிகம் முன்னேறிய வீராங்கனை என்ற விருதும் அவருக்கே. பாயிண்டை விடுங்கள், நேரில் போனால் அவர் கால்களைப் பாருங்கள். எதிரணிப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் இவர் இடுப்பைத் தாழ்த்தி, மார்புக்கு நேரே போய் நிற்பார். பக்கவாட்டில் ஓடினால் இவரும் ஓடுவார். ஷாட் எடுக்க இருக்கும் 24 விநாடியில் பாதி அங்கேயே கரைந்துவிடும். கைலா தார்ன்டனும் அதே ரகம். நியூயார்க்கில் பெஞ்சிலிருந்து வந்தவர், இங்கே லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கே தேர்வானார்.

இவர்களை இப்படி ஆடவைத்தது கோச் நாட்டலி நகாசே. ஐந்தடி சொச்சம் உயரம். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமல் அணிக்குள் நுழைந்து கேப்டன் ஆனவர். அப்புறம் ஆண்கள் அணியான கிளிப்பர்ஸில் வீடியோ வெட்டும் பயிற்சி ஊழியராக (இன்டர்ன்) அடிமட்டத்தில் சேர்ந்து, பிறகு லாஸ் வேகஸ் இரண்டு முறை கோப்பை வாங்கியபோது துணை கோச்சாக இருந்தார். 2025-ன் சிறந்த கோச் விருது அவருக்குத்தான், மறுபேச்சே இல்லை.

சீசன் சுமுகமாகவும் போகவில்லை. முதல் ஆட்டமே லாஸ் ஏஞ்சலஸிடம் 84–67 தோல்வி. ஜூனில் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோபாஸ்கெட் போட்டி வந்தது. சலாவுன் பிரான்சுக்கு, சாண்டலசினி இத்தாலிக்கு, ஃபாக்பென்லே பிரிட்டனுக்கு, வான்லூ பெல்ஜியத்துக்கு என்று அணி பாதி காலி. வான்லூ பெல்ஜியத்தோடு கோப்பை வாங்கிவிட்டுத் திரும்பி வந்ததும் வேலை போய்விட்டது. அதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நிர்வாகம் சொல்லும் கணக்கு சரியாகவே இருக்கலாம், ஆனாலும். ஜூலையில் தார்ன்டனுக்கு முழங்கால் போய், சீசனே முடிந்தது. அதற்குப் பிறகும் பிளேஆஃப் போனார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிளேஆஃபில் கிடைத்த எதிரி முதலிடத்தில் இருந்த மினசோட்டா. அங்கே போய் 101–72 என்று செம அடி. இரண்டாவது ஆட்டம் நம் ஊரில், ஆனால் சேஸ் சென்டரில் லேவர் கப் டென்னிஸ். பிளேஆஃபுக்கு வருவார்கள் என்று யார் கண்டது? அதனால் சான் ஹோசேவுக்கு மாற்றினார்கள். ஒரு கட்டத்தில் 17 பாயிண்ட் முன்னிலை. மெல்ல மெல்லக் கரைந்து, கடைசியில் 75–74 தோல்வி. மூன்றில் இரண்டை ஜெயிக்க வேண்டிய சுற்று, அதனால் அத்தோடு வெளியே.

அந்த ஒரு பாயிண்டில்தான் இந்த அணியின் குறையும் இருக்கிறது. மினசோட்டாவிடம் நபீசா காலியர் இருந்தார். கடைசி மூன்று நிமிடத்தில் பந்தை யாரிடம் கொடுப்பது என்று அவர்கள் யோசிக்கவே வேண்டாம். வால்கிரீஸ் ஒவ்வொரு தடவையும் யோசித்தார்கள். அப்படி ஒரு ஸ்டாரை விலைக்கு வாங்கப் பணம் இருக்கிறது. வாங்கினால் பர்ட்டன் கையில் பந்து இருக்கும் நேரம் குறையும், இவ்வளவு பேரும் மாறி மாறி ஆடுவதும் குறையும். நான் மேலாளராக இருந்தால் வாங்குவேன். என் மகள் கூடாது என்கிறாள்.