வேலையை விட்டுவிட்டு கணினி, பொறியியல் துறையில் பிஎச்டி சேரலாமா?

முதுகலை முடித்து மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள், பிஎச்டி செய்தால் சம்பளம் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பளம் மட்டும்தான் காரணம் என்றால் வேண்டாம். வலைச் செயலி, கிளவுட், மொபைல் ஆப் போன்ற வேலைகளில் ஐந்து வருட அனுபவத்துக்கு இருக்கும் மதிப்பு பட்டத்துக்குக் கிடையாது. பல்கலைக்கழக ஆசிரியர் பணி, பெரிய நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவு ஆகியவற்றில்தான் பிஎச்டி பேசும். நீங்கள் ஆசைப்படும் வேலைக்கான விளம்பரங்கள் பத்தை எடுத்து, எத்தனையில் பிஎச்டி கட்டாயம் என்று இருக்கிறது, எத்தனையில் இருந்தால் நல்லது என்று இருக்கிறது என எண்ணிப் பாருங்கள்.

அதன் பிறகும் ஆசை போகவில்லையா? வேலையை விடாமலே மூன்று மாதம் ஒரு சோதனை செய்யுங்கள். பிடித்த துறையில் சமீபத்திய ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் முக்கிய அட்டவணையில் உள்ள ஒரே ஒரு எண்ணை, அதே சோதனையை ஓட்டி நீங்களே வரவழைக்கப் பாருங்கள். உதாரணமாக, இயந்திரக் கற்றல் கட்டுரை என்றால், நிரல் வெளியாகியிருந்தாலும் லேர்னிங் ரேட் (பயிற்சியின் ஒவ்வொரு அடியிலும் மாதிரி எவ்வளவு மாறலாம் என்ற அளவு), தரவைச் சுத்தம் செய்த விதம் போன்றவை பல சமயம் கட்டுரையில் இருக்காது. ரேண்டம் சீட் (தற்செயல் எண்களை உருவாக்கத் தொடக்கமாகக் கொடுக்கும் எண்) மாற்றி ஐந்து முறை ஓட்டுங்கள். 0.8 விழுக்காடு முன்னேற்றம் என்று கட்டுரை சொல்ல, சீட் மாறியதாலேயே விடை 1 விழுக்காடு மேலும் கீழும் ஆடினால், அந்த முன்னேற்றம் உண்மைதானா என்ற சந்தேகம் வரும். அப்போது சலிப்பு வருகிறதா, விடை தேடும் ஆர்வத்தில் தூக்கம் போகிறதா? தூக்கம் போனால் உங்களுக்கு இந்த வேலை ஒத்துவரும். பிஎச்டியில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் போகும்.

நிராகரிப்பையும் கணக்கில் வையுங்கள். நியூரிப்ஸ், ஐசிஎம்எல் மாதிரி பெரிய இயந்திரக் கற்றல் மாநாடுகளுக்கு வரும் கட்டுரைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று திரும்பிவிடும், அந்த முடிவு தெரியவே மூன்று நான்கு மாதம் ஆகும். சிப் வடிவமைப்பில் காத்திருப்பு இன்னும் நீளம். ஃபவுண்டரிக்கு (சிப் தயாரிக்கும் ஆலை) அனுப்பிய வடிவமைப்பு சிப்பாகக் கைக்கு வரப் பல மாதம், அதில் பிழை இருந்தால் அடுத்த சுற்று வரை பொறுக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட வழிகாட்டியைப் பார்த்து முடிவெடுங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் பழைய மாணவர்கள் சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு, இப்போது இருக்கும் இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டவர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். பழைய கட்டுரைகளின் ஆசிரியர் பெயர்களோடு ஒப்பிட்டால் காணாமல் போனவர்கள் தெரிவார்கள். இப்போதைய மாணவர் இருவரிடம் தனியாகப் பேசுங்கள். கைடு வாரம் எத்தனை முறை சந்திக்கிறார், டிராஃப்டைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார், உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி என்று நேரடியாகவே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

காலம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பாடங்கள், தகுதித் தேர்வு எல்லாம் சேர்த்து ஐந்தாறு வருடம். பிரிட்டனில் பெரும்பாலும் மூன்று முதல் நான்கு. உதவித்தொகை இல்லாத இடம் கிடைத்தால், கடன் வாங்கிச் சேர வேண்டாம், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பியுங்கள்.