கிருஷ்ணன் மறுத்த ஒன்றரை லட்சம் டாலர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதின்மூன்று வயதான என் மகன் களியக்காவிளையிலிருந்து எல்லை தாண்டித் திருவனந்தபுரம் சென்று டென்னிஸ் பயில்கிறான். தொழில்முறை ஆட்டக்காரன் ஆவதே அவன் ஆசை. வீட்டில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம், நாகர்கோவிலில் பிறந்த டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் ஒன்றரை லட்சம் டாலரை வேண்டாம் என்று சொன்னதை என் அப்பா பெருமையோடு எடுத்துச் சொல்வார். எனக்கு அது வீம்பாகவே படுகிறது. தேடி வந்த பணத்தை மறுத்தவரை இந்தக் காலத்துச் சிறுவனுக்கு எப்படி முன்மாதிரியாகக் காட்டுவது?

வாசகர், களியக்காவிளை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தை சொல்வது நடந்ததுதான். பணத்துக்கு ஆடுவோரின் போட்டிகளை நடத்திவந்த ஜாக் கிராமர் 1959இல் தம் தொழில்முறைக் குழுவில் சேரும்படி கிருஷ்ணனை அழைத்து, மூன்றாண்டுகளுக்கு 1,50,000 டாலர் தர முன்வந்தார். அதை மறுத்ததை வீம்பு என்று முடிவு கட்டுமுன் அன்றைய விதியைப் பார்க்க வேண்டும். பணம் பெற்று ஆடுபவர்களுக்கு 1968 வரை விம்பிள்டன் போட்டியிலோ ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்கப் போட்டிகளான ஏனைய மூன்று பெரும் போட்டிகளிலோ இடமில்லை. நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையின் கதவு அவர்களுக்கு அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் மூடியே இருந்தது. 1961 விம்பிள்டன் அரையிறுதியில் கிருஷ்ணனை வென்ற ராட் லேவர், மறு ஆண்டு நான்கு பெரும் பட்டங்களையும் வென்றுவிட்டுத் தொழில்முறைக்குப் போனார். அதன்பின் 1963 முதல் 1967 வரை, ஆட்டம் உச்சத்தில் இருந்த ஐந்தாண்டுகளில், அந்த நான்கு போட்டிகளில் ஒன்றில்கூட அவரால் ஆட முடியவில்லை.

கிருஷ்ணன் கையெழுத்திட்டிருந்தால் 1960, 1961 ஆகிய இரண்டு விம்பிள்டன் அரையிறுதிகளும் இருந்திருக்காது. அவற்றைவிட நான் பெரிதாக நினைப்பது 1966இல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிராக நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தை. இரு நாடுகளும் 2-2 என்று நிற்க, கடைசி ஆட்டத்தில் தாமஸ் காக்கிடம் இரண்டு செட்களை இழந்து ஒன்றை மட்டுமே வென்றிருந்த கிருஷ்ணன், நான்காவது செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்தார். எதிராளியைத் திணறடிக்கும் சர்வீஸ் அவரிடம் என்றுமே இருந்ததில்லை. பந்தை மென்மையாக, வேண்டிய இடத்தில் வைக்கும் கை மட்டுமே இருந்தது. அந்தக் கையைக் கொண்டு அந்த செட்டை 7-5 என்றும் அடுத்ததை 6-2 என்றும் வென்று, இந்தியாவை முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்றார். மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம் என்றாலும், அந்த ஒரு வெற்றியும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் ஈட்டியதே. எந்த ஆடுகளத்தில் நிற்பது என்பதை அவர் தேர்ந்துகொண்டார் என்றே அந்த மறுப்பை நான் புரிந்துகொள்கிறேன். அதன்பொருட்டு அவரை மனமார மதிக்கிறேன்.

ஆனால் உங்கள் மகனுக்கு அப்படியொரு தேர்வு வரப்போவதில்லை என்பதால், இந்தக் காலத்தின் கணக்கை அவன் சுமித் நாகலிடமிருந்து அறிய வேண்டும். நாட்டின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரராக இருந்தபோதே, 2023இல், தம் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிஞ்சியிருக்கிறது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பயிற்சியாளர் ஊதியம், விமானப் பயணம், விடுதி வாடகை எல்லாம் ஆட்டக்காரரின் பொறுப்பு; சிறிய போட்டிகளின் பரிசுத்தொகை அதற்கு ஈடாகாது. போட்டியில் ஈட்டிய தரவரிசைப் புள்ளிகளும் 52 வாரங்களில் கழிந்துவிடுவதால், காயம்பட்டு ஓய்ந்திருப்பவர் வருமானத்தோடு இடத்தையும் இழக்கிறார். பெரும் போட்டியின் 128 இடங்களில் தரவரிசைப்படி நேரடியாகக் கிடைப்பவை 104 மட்டுமே. நாகல் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று 2024 ஆஸ்திரேலிய ஓப்பனுக்குள் நுழைந்து, முதல் சுற்றில் அலெக்சாண்டர் பப்ளிக்கைத் தோற்கடித்தார். பெரும் போட்டியொன்றின் ஒற்றையரில் தரநிலை (முன்னணி ஆட்டக்காரர்களுக்குப் போட்டியில் தரப்படும் வரிசை எண்) பெற்ற ஆட்டக்காரரை ஓர் இந்திய ஆண் வென்றது, 1989இல் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் அதே போட்டியில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் மாட்ஸ் விலாண்டரை வென்றதற்குப் பின் அதுவே முதன்முறை. நடுவே கழிந்த 35 ஆண்டுகள், இந்தப் பாதை எவ்வளவு குறுகலானது என்பதைக் காட்டுகின்றன.

ஆகவே அவன் ஆடட்டும், ஆனால் பள்ளியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நல்ல ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. படிப்பும் பயிற்சியும் போட்டியும் அங்கே ஒன்றாகவே கிடைக்கும். சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்று, அதன்பிறகே முழுநேரத் தொழில்முறைக்கு வந்தார். 2010இல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும் வென்று, 2011இல் தரவரிசையில் 62ஆம் இடத்தை எட்டினார். அந்த வழிக்குப் பள்ளி மதிப்பெண்ணும் தேவை என்பதை அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.