சணல் விரிப்பின் அடியில் கரும்புள்ளி

நாகப்பட்டினத்தில் தரைத்தள வீடு, ஹாலில் போட்ட சணல் விரிப்பின் அடியில் கரும்புள்ளியும் முடைநாற்றமும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பூஞ்சைதான். சணல் காற்றின் ஈரத்தை நன்றாக இழுக்கும். அடியில் ரப்பர் பூச்சும் இருந்தால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை.

புதிதாக வாங்கும்முன் தரையைச் சோதியுங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை வெறும் தரையில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளின் அடிப்பக்கம் நீர் கோத்திருந்தால் தரையே கசிகிறது. அங்கே எந்த நார் விரிப்பும் நிலைக்காது, கசிவை முதலில் பாருங்கள்.

அடிப்பக்கம் காய்ந்திருந்தால் ஹாலுக்குத் தேங்காய் நார் போடலாம். நாருக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதில் அதிகம், சீக்கிரம் மக்காது. பிவிசி அடிப்பூச்சு இல்லாமல், தறியில் நெய்ததாகக் கேட்டு வாங்குங்கள். வெறுங்காலில் குத்தும், தவழும் குழந்தை இருந்தால் வேண்டாம். படுக்கையறைக்குப் பருத்தி ஜமுக்காளம் போதும், துவைத்துக் காயப்போடலாமே! சைசல் என்ற கற்றாழை வகை நார் விரிப்பு பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் சிந்திய இடம் கறையாகிவிடும்.

துடைத்த தரை நன்றாகக் காயாமல் எதையும் விரிக்காதீர்கள். வாரம் ஒருமுறை தூக்கி நிறுத்தி, அடிப்பக்கத்துக்கு ஃபேன் காற்றுக் காட்டுங்கள். பழைய சணலைத் தண்ணீரில் அலசினால் பழுப்பேறும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியே தட்டி, இருபுறமும் வெயிலில் உலர்த்துங்கள்; பிறகும் நாறினால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.