அடிப்பலகை இடைவெளிக்கு பட்டி வைக்கலாமா?

கேள்வி: 1950-களில் கிறிஸ்-கிராஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனம் கட்டிய மஹோகனி மர மோட்டார் படகு ஒன்றை வாங்கினேன். பல வருடம் கொட்டகையில் கிடந்தது. அடிப்பலகைகளுக்கு நடுவே கத்தி முனை நுழைகிறது. எபாக்சி பட்டியால் அடைத்து, வார்னிஷ் அடித்து, எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: முதலில் அந்த பட்டி டப்பாவை மூடி வையுங்கள். மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் ஊறினால் பலகை விரிந்து இடைவெளி தானே இறுகும். அங்கே கல் மாதிரி எபாக்சி இருந்தால் விரிய இடமில்லாமல் பலகைகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, திருகுகளைப் பிடுங்கி, உள்ளே விலா எலும்பு போலப் பலகைகளைத் தாங்கும் வங்குகளையே முறித்துவிடும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது திருகுகளைப் பற்றித்தான். ஏராவை, அதாவது படகின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு மரத்தை, ஒட்டிய இடங்களில் திருகுத் தலையை மூடியிருக்கும் மர அடைப்பைக் குடைந்தெடுத்து நாலைந்தைக் கழற்றிப் பாருங்கள். பித்தளைத் திருகில் துத்தநாகம் கரைந்து போயிருந்தால் மிச்சம் செம்பு போல ரோஸ் நிறத்தில் இருக்கும், திருப்பினால் தலை மட்டும் கையோடு வரும், உடல் உள்ளேயே நின்றுவிடும். அப்படியானால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு சிலிக்கான் வெண்கலத் திருகு போட வேண்டியதுதான், இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

அப்புறம் உளுப்பு, அதாவது மரம் ஈரத்தில் அழுகிப்போவது. உங்கள் படகின் அடிப்பகுதி அநேகமாக இரட்டைப் பலகை, நடுவில் கான்வாஸ் துணி. அந்தத் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மரம் நடுவிலிருந்து இற்றுப்போகும், வெளியே பெயிண்ட் பளபளவென்றே இருக்கும். அதனால் கண்ணை நம்பாமல் குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்தப் பலகை போச்சு. கடல் தண்ணீரைவிட மேல்தளத்திலிருந்து ஒழுகும் மழைத் தண்ணீர்தான் உளுப்புக்குப் பெரிய காரணம், எனவே ஒழுகிய தடம் தெரியும் மூலைகளை விட்டுவிடாதீர்கள். பலகை கழற்றும் முன் ஏரா நெடுக மட்டம் பார்த்து முட்டுக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உரித்தால் படகின் வடிவமே கோணிவிடும், பிறகு எந்தப் புதுப் பலகையும் பொருந்தாது.

அடிப்பகுதியைப் புதிதாகப் போடுவதானால் இப்போது பலர் கான்வாஸுக்குப் பதில் நெகிழும் பாலியூரித்தேன் பசை வைக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் ஊறவைக்கும் வேலை மிச்சம். பழையபடியேதான் இருக்க வேண்டும் என்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஓட்டப் போகிற படகு என்றால் என் ஓட்டு பசைக்குத்தான்.

சரி, எஞ்சின். அது காத்திருக்கும். நேரம் வரும்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட்டரைத் தொடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். அந்த ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோயரைச் சில நிமிடம் ஓடவிட்டு, மூக்கை வைத்து மோந்தும் பார்த்துவிட்டு சாவியைத் திருப்புங்கள்.