இறந்த தலைவரைவிட அவருடன் வாழ்ந்தவர்களே கவனிக்க வேண்டியவர்கள்

1940-களில் வாழ்ந்த ஓர் அரசியல் தலைவரை நாவலில் பாத்திரமாக்கினால் வழக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதிப்பகத்துக்கு வரும் வரலாற்று நாவல்களைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலை. எழுதுங்கள், தயங்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். ஆனால் அந்தத் தலைவருக்குப் பக்கத்தில் யார் யாரை நிறுத்துகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

ரஷ்ய அரச குடும்பத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த சாமியார் ரஸ்புடின் 1916-இல் கொல்லப்பட்டார். 1932-இல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் அவரைப் பற்றிப் படம் எடுத்தது. ரஸ்புடினால் கெடுக்கப்பட்டவளாக அதில் ஓர் இளவரசி வருகிறாள். பெயர் கற்பனைப் பெயர்தான். ஆனால் கொலையில் பங்குகொண்ட யூசுபோவ் அப்போது உயிரோடு இருந்தார். அவர் மனைவி இளவரசி இரினாவும் இருந்தார். திரையில் காட்டியது தன்னைத்தான் என்று இரினா லண்டனில் வழக்குத் தொடர்ந்தார். 1934-இல் அவருக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 பவுண்டு. பாத்திரங்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டியிருந்தார்கள்! ‘இதில் வரும் பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே’ என்ற அறிவிப்பு பரவியதற்கு இந்த வழக்கு முக்கியக் காரணம். அந்த அறிவிப்பைப் போடுவது நல்லதுதான். ஆனால் படிப்பவர் ஆளை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தால், மாற்றிய பெயரும் அந்த ஒற்றை வரியும் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது.

இறந்தவரைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பொதுவாக, இறந்தவருக்காக அவதூறு வழக்குத் தொடர முடியாது. இந்தியாவில் இப்போதுள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499), இறந்தவரைப் பற்றிய குற்றச்சாட்டும் அவதூறாகலாம் என்கிறது. ஆனால் அவர் குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் எழுத்துக்கு இருந்திருக்க வேண்டும். அதனால் எந்தச் சம்பவத்தை எந்த ஆதாரத்தைக் கொண்டு எழுதினீர்கள், எங்கே கற்பனை தொடங்கியது என்ற குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்த ஒரு பழக்கத்தை எல்லா எழுத்தாளர்களிடமும் நான் வற்புறுத்துகிறேன். ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படத்தை எதிர்த்து அவருடைய சகோதரர் மகள் தொடர்ந்த வழக்கில், ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய புகழும் அந்தரங்க உரிமையும் வாரிசுகளுக்குச் சொத்துபோல் இறங்குவதில்லை என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் காந்தியின் வாயில் ஆபாசச் சொற்களை வைத்த ஒரு கவிதை தொடர்பான வழக்கில், மதிப்புக்குரிய வரலாற்று மனிதர்கள் விஷயத்தில் அளவுகோல் கடுமையாகவே இருக்கும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜெர்மனியில், மறைந்த நடிகர் ஒருவரை அடையாளம் காட்டிய நாவலுக்கான தடையை 1971-இல் அரசியல் சாசன நீதிமன்றமே உறுதிசெய்தது.

பலர் யோசிக்காத இன்னோர் இடம், கடிதங்கள். தலைவரின் கடிதக் கட்டு உங்கள் கையில் இருக்கலாம். ஆனால் அவற்றின் பதிப்புரிமை, எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. இந்தியாவில் அது பொதுவாக ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். இறந்த பிறகு முதன்முதலாக வெளியானவற்றுக்கு அந்த 60 ஆண்டுகள் வெளியீட்டிலிருந்து தொடங்கும். வரலாற்று நிகழ்ச்சி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை ஒரு வாழ்க்கை வரலாற்றாசிரியர் சொன்ன வாக்கியங்கள் அவருடையவை. வாக்கியங்களை எடுக்காமல் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குப் போகும் முன், உயிரோடு இருப்பவர்கள் வரும் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.