ஊதினால் பறக்கும் காகித ராக்கெட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து காகித வேலை செய்வது என் வழக்கம். அதில் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது ஸ்ட்ராவில் மாட்டி ஊதும் ராக்கெட்தான். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, மகளுக்கு 4 வயது. என்னென்ன வேண்டும், எப்படிச் செய்வது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

ஒரு ஏ4 தாள், பென்சில், ஸ்ட்ரா, செல்லோ டேப், கத்தரிக்கோல். அவ்வளவுதான். ஸ்ட்ரா பென்சிலைவிடக் கொஞ்சம் ஒல்லியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 13 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, அதன் நீள ஓரத்தில் பென்சிலைப் படுக்க வைத்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, மூன்று இடத்தில் டேப் ஒட்டுங்கள். பென்சிலைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு, மேல் நுனியை 1 செ.மீ. மடித்து, அதன்மேல் டேப். இது மூக்கு. பிறகு 2.5 செ.மீ. சதுரம் இரண்டு எடுத்து மூலைக்கு மூலை வெட்டினால் நான்கு முக்கோணம் கிடைக்கும். அவற்றின் ஓரத்தை லேசாக மடித்து, திறந்திருக்கும் வாய்ப் பக்கம் நான்கு திசையிலும் ஒட்டினால் இறக்கை. பென்சிலை உருவிவிட்டு ஸ்ட்ராவில் மாட்டி ஊதச் சொல்லுங்கள். ஒரு ஏ4 தாளில் இப்படி ஐந்து ராக்கெட் வரும், மிஞ்சும் 8 செ.மீ. பட்டையே இறக்கைகளுக்குப் போதும். சாதாரண 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) தாள் என்றால் அந்தக் குழலின் எடை அரை கிராம்தான், நான்கு வயதுப் பிள்ளையின் மூச்சு தாராளமாகத் தள்ளும்.

நீங்கள் சொன்னபடிதான் செய்தோம், காலடியிலேயே விழுகிறது. பையன் அழுதுவிட்டான்.

பத்தில் எட்டுத் தடவை காரணம் மூக்குதான். குழலை ஸ்ட்ராவில் மாட்டாமல் நேரே வாயில் வைத்து ஊதிக்கொண்டே, நாக்கில் தொட்டு ஈரமாக்கிய விரலை ராக்கெட் மூக்கின் பக்கத்தில் வையுங்கள். விரல் சில்லென்று இருந்தால் அங்கே காற்று கசிகிறது. இன்னொரு டேப் போட்டால் சரியாகிவிடும். கசிவு இல்லையென்றால், குழலை ஸ்ட்ராவில் மாட்டிக் கவிழ்த்துப் பிடியுங்கள், தானாக வழுக்கி விழ வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் சுற்று இறுக்கம். பென்சிலில் சுற்றாமல் ஸ்ட்ராவிலேயே சுற்றியவர்களுக்கு இதுதான் நடக்கும். ரொம்பத் தளர்வாக இருந்தாலும் காற்று பக்கவாட்டில் போய்விடும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அப்போதுதான் எதைச் சரிசெய்ததால் பறந்தது என்று பையனுக்கும் புரியும்.

காகித ஸ்ட்ரா நாலு ஊதலில் நொந்துபோகிறது. வேறு வழி?

2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டிலும், 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்கவும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை என்பதால் எல்லோருக்கும் இதே பாடுதான். வாய் வைக்கும் நுனியில் மட்டும் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள், எச்சில் ஊறாது, அரை மணி நேரம் தாங்கும். சின்ன வயதில் நாங்கள் பப்பாளி இலைக்காம்பில் ஊதி விளையாடியிருக்கிறோம், உள்ளே பொந்தாக அழகாக இருக்கும். ஆனால் அதன் பால் வாயில் பட்டால் அரிக்கும், சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். ஆளுக்கொரு ஸ்ட்ரா கட்டாயம். சளி பிடித்த பிள்ளை ஒன்று இருந்தால் அத்தனை பேருக்கும் வரும்.

என் பேரனுக்கு 3 வயது. ஊதச் சொன்னால் உறிஞ்சுகிறான்.

அவனுக்கு ஸ்ட்ரா என்றால் இளநீர்தானே அம்மா, தப்பில்லை. ராக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் ஒரு பஞ்சு உருண்டையைப் போட்டு ஸ்ட்ராவால் ஊதித் தள்ளி விளையாடுங்கள். பஞ்சு நகர்வதைக் கண்ணால் பார்த்தால் ஊதல் தானே பிடிபடும். ஆனால் 3 வயதுக்காரன் பஞ்சை வாயில் போடக்கூடும், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

மூத்தவன் கேட்கிறான்: தீபாவளி ராக்கெட்டுக்குக் குச்சி இருக்கிறது, இதற்கு ஏன் இறக்கை?

அருமையான கேள்வி, அவனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். குச்சி, இறக்கை இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். மூக்கு முன்னாலேயே போக வேண்டும், குட்டிக்கரணம் அடிக்கக் கூடாது. இறக்கை பின்னால் இருப்பதால், ராக்கெட் லேசாகச் சாய்ந்ததும் காற்று அந்த வாலைத்தான் அதிகமாகத் தள்ளும், வால் பின்னுக்குப் போகும், மூக்கு நேராகிவிடும். அம்பின் பின்னால் இறகு வைப்பதும் இதற்குத்தான். திப்பு சுல்தானின் படை எய்த ராக்கெட்டுகளிலும் நீளமான மூங்கில் கழி கட்டியிருந்தார்கள். வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுங்கள்: இறக்கை இல்லாமல் ஒன்று, பின்னால் இறக்கையோடு ஒன்று, வேண்டுமென்றே மூக்குப் பக்கம் இறக்கை ஒட்டி ஒன்று. மூன்றாவது காற்றில் தடுமாறித் திரும்புவதைப் பார்த்த பிள்ளை பிறகு இறக்கையை இடம் மாற்றி ஒட்டவே மாட்டான்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போகும் பெரிய ராக்கெட்டில் இந்த மாதிரி இறக்கை காணோமே என்று அடுத்துக் கேட்பான். சந்திரயான்-3 ஐ 2023 ஜூலை 14 அன்று கொண்டுபோன எல்விஎம்3 போன்றவை, நெருப்பு வெளியேறும் முனையைத் திருப்பித் திருப்பியே தங்களை நேராக வைத்துக்கொள்கின்றன என்று சொல்லுங்கள்.

நான் அறிவியல் ஆசிரியர். நியூட்டனின் மூன்றாம் விதியை இதை வைத்துச் சொல்லலாமா?

வேண்டாம் சார். இது ஸ்ட்ராவை விட்டுக் கிளம்பியதும் வீசியெறிந்த கல் மாதிரிதான் போகிறது, தன்னிடமிருந்து எதையும் பின்னால் தள்ளுவதில்லை. மூன்றாம் விதிக்குப் பலூன் சரியாக இருக்கும். ஜன்னல் கம்பியிலிருந்து கதவுவரை தையல் நூலை இழுத்துக் கட்டி, அதில் ஒரு துண்டு ஸ்ட்ராவைக் கோத்து, ஊதிய பலூனை அதில் டேப்பால் ஒட்டி வாயை விட்டால், காற்று பின்னால் போகப் பலூன் முன்னால் பாயும். உண்மையான ராக்கெட் நடப்பது இப்படித்தான். இரண்டையும் ஒரே வகுப்பில் செய்து காட்டினால் பிள்ளைகளே வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

எந்தக் கோணத்தில் ஊதினால் தூரம் போகும்?

தரைக்கும் வானத்துக்கும் நடுவில், சுமார் 45 பாகை. காற்றின் தடையால் கொஞ்சம் முன்பின் ஆகும், பிள்ளையே தரையில் சாக்பீஸ் கோடு போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

கண்ணில் பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். மூக்கைக் கூராக்காதீர்கள், மடித்த மொட்டை மூக்கு போதும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எதுவும் கூடாது. எல்லோரும் ஒரே பக்கம் நின்று ஒரே திசையில் ஊத வேண்டும், "மூன்று, இரண்டு, ஒன்று" எண்ணி முடித்த பிறகுதான். எடுக்கப் போகிறவர் திரும்பி வரும்வரை அடுத்தவர் ஊதக் கூடாது.

இதோடு சேர்த்துப் பிள்ளைக்கு என்ன கதை சொல்லலாம்?

கேரளத்தில் இருக்கும் தும்பாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1963 நவம்பர் 21 அன்று அந்தக் கடலோர ஊரிலிருந்து முதல் ராக்கெட் போனது, அது அமெரிக்காவில் செய்தது. 1967-ல் நாமே செய்த ரோகிணி ஆர்எச்-75 அங்கிருந்து கிளம்பியது. அந்த 75 அதன் குறுக்களவு, மில்லிமீட்டரில். ஏறக்குறைய நம் வீட்டுக் காப்பி டம்ளரின் வாய் அளவுதான்! ஒரு சார்ட் பேப்பரை அந்த அகலத்துக்குச் சுருட்டிக் கையில் கொடுத்துப் பாருங்கள், எங்கள் தெருவில் ஒரு சின்னவள் அதைக் கட்டிப்பிடித்தபடி வீட்டுக்குப் போனாள்.

எல்லாவற்றையும் நானே செய்துவிடுகிறேன், அவள் சும்மா நிற்கிறாள். அவள் செய்தால் கோணலாகிவிடுகிறதே?

கோணலாகட்டும். டேப்பை மட்டும் சின்னத் துண்டுகளாகக் கிழித்து மேசை விளிம்பில் முன்கூட்டியே வரிசையாக ஒட்டி வைத்துவிடுங்கள், மீதியை அவள் கைக்கு விட்டுவிடுங்கள். கோண இறக்கை ராக்கெட் சுழன்றுகொண்டே போகும், பார்க்க இன்னும் நன்றாக இருக்கும். பெயர் எழுத ஆசைப்பட்டால் சுருட்டுவதற்கு முன்பே, தாள் தட்டையாக இருக்கும்போது எழுதச் சொல்லுங்கள், சுருட்டிய பிறகு எழுதினால் பேனா அழுத்திக் குழல் நசுங்கிவிடும்.